நண்டு விட்டுப்போன கால்

மேசைமேல் வரிசையாக நிற்கும் ஜாடிகளை அண்ணன் ஒரே வீச்சில் தரையில் தள்ளுகிறான். கண்ணாடி தெறிக்கிறது, பார்மலின் நெடி கண்ணைக் கரிக்கிறது. மெல்லுடலி, குழியுடலி, முட்தோலி என்று தங்கை இனம் பிரித்துச் சேர்த்தவையெல்லாம் ஒன்றாய்க் குழம்பிக் கிடக்க, நட்சத்திர மீனைச் செருப்புக் காலால் நசுக்குகிறான். “படிச்சுக் கிழிச்சது போதும். வீட்டுல அடங்கிக் கிட!” “பரீட்சைக்கு மணி ஆகுதுண்ணா, விடு.” அவன் அவளுடைய பின்னலைக் கையில் சுற்றி இழுக்கிறான். உச்சந்தலை தீயாய் எரிகிறது. மடங்கிய கழுத்தோடு கடைக்கண்ணால் மேசையோரத்துப் பிளாஸ்டிக் பேசினைப் பார்க்கிறாள். உள்ளே நண்டு. கணுக்காலி. சற்றுமுன் தெரியாத்தனமாக ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கியபோது, அந்தக் காலை அவள் விரலிலேயே கழற்றி விட்டுவிட்டுத் தப்பிய நண்டு. மிச்சக் கால்களால் பேசினைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. “இனிமே போவியா? சொல்லுடி, போவியா?” அவள் கை மேசையைத் துழாவி, அறுவைக் கத்தரிக்கோலை எடுக்கிறது. அண்ணன் முகம் வெளுக்கிறது. “ஏய், கீழ போடு!” அவள் அதைத் தன் பிடரிக்குக் கொண்டுபோய் நறுக்நறுக்கென்று வெட்டுகிறாள். இழுத்த வேகத்திலேயே அவன் கண்ணாடிச் சில்லுகள்மேல் மல்லாக்க விழுகிறான். பின்னல் இன்னும் அவன் கையில் இறுகச் சுற்றியிருக்கிறது. அவள் தெருவில் இறங்கியாயிற்று.