ஷெல்டனின் நம்பர்

இறந்து பதினாலு மாதமான ஷெல்டனின் நம்பரிலிருந்து தொடர்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாகப் போன் வந்தது. றொபின்சன் எடுத்தான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றுபோனது.

பதுளையில் ஆண்களை விரும்பும் ஆண்களுக்காக றொபின்சனும் நான்கு நண்பர்களும் அரசாங்கக் கிளினிக்கோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஆணுறை கொடுப்பார்கள், எச்ஐவி பற்றிப் பேசுவார்கள், பயப்படுகிறவர்களை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவார்கள். ஷெல்டனுக்கு றொபின்சன் மூன்று முறை நாள் எடுத்துக் கொடுத்தான். அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார் என்று மூன்று முறையும் அவன் வரவில்லை.

கடைசியில் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது எச்ஐவிக்கான மருந்து இருந்தது. அதைத் தாங்க அவன் உடம்பில்தான் எதுவும் மிச்சமில்லை.

சற்று நேரத்தில் அதே நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது: 'வீட்டுக்குத் தெரியாம டெஸ்ட் எடுக்கலாமா?' ஷெல்டன் முதன்முதலில் கேட்டதும் இதே கேள்விதான். யார் என்று றொபின்சன் கேட்டான். அடுத்த ஞாயிறு ஷெல்டன் வீட்டுக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது.

ஷெல்டனின் ஊரான மடுல்சீமையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது முன்னால் நடப்பவர் தெரியாத அளவுக்குப் பனி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வாசலில் ஷெல்டனின் அப்பா யேசுரத்தினம் நின்றிருந்தார். கையில் மகனின் போன்.

மனைவி றீட்டா தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். றொபின்சன் உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழிட்டார். அடி விழப்போகிறது என்று றொபின்சன் சுவரோரம் ஒதுங்கினான்.

போனிலிருந்த எல்லாவற்றையும் வாசித்துவிட்டதாக யேசுரத்தினம் சொன்னார். மகனை ஏன் இழுத்துக்கொண்டாவது போகவில்லை என்று கேட்டார். பலவந்தமாக யாரையும் கூட்டிப்போக முடியாது என்றான் றொபின்சன். பதினாலு மாதமாகத் தனக்கே சொல்லிக்கொள்ளும் பதில் அது.

"அவன் என்னப் பத்தி என்ன சொன்னான்?"

"உங்களுக்குத்தான் பயந்தான், ஐயா."

அவர் தலையை ஆட்டினார். ஷெல்டன் வேலைக்குப் போன வருடம், அவன் ஒருவனுக்கு எழுதிய காதல் கடிதத்தைப் பார்த்துவிட்டு பெல்ட் அறுந்துபோகும்வரை அடித்ததைச் சொன்னார். அன்று மகன் அழவே இல்லையாம். அவர்தான் அழுதாராம். அவன் இருமும் சத்தம் இப்போதும் உள்ளறையிலிருந்து கேட்கிறது என்றார். றொபின்சனும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கட்டிலில் யாரும் இல்லை.

"டெஸ்ட் யாருக்கு, ஐயா? ஷெல்டனோட கூட்டாளி யாருக்காவதா?"

யேசுரத்தினம் தாழிட்ட கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத்தான் தம்பி. நானும் அவன மாதிரித்தான்."