பையைத் திற!

பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு வந்தவள் உட்கார்ந்ததுமே சாராய நெடி நர்ஸின் மூக்கைத் துளைத்தது.

"தொழிலுக்குப் போறப்ப குடிப்பியா?"

"சொட்டுகூடத் தொடமாட்டேன்க்கா."

"என் காதுல பூ சுத்தாதே!" அட்டையில் 'குடிப்பழக்கம் உண்டு' என்று எழுதினாள் நர்ஸ். "பையில பாட்டில்தானே? திற!"

அவள் தயங்கித் தயங்கித் திறந்தாள். பாட்டில் இல்லை. ஆணுறைப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், சுருட்டி வைத்த ஈரத் துண்டு ஒன்று குப்பென்று நாறியது.

"கூடக் குடிக்கலைன்னா வர்ற ஆளுங்க விடமாட்டாங்கக்கா. சாராயத்தை வாயில ஊத்திக்கிட்டு, உதட்டைத் துடைக்கிற சாக்குல இதுல துப்பிடுவேன்."

"எதுக்கு இவ்வளவு பாடு?"

"எனக்கும் போதையேறிட்டா, 'உறை போடாம கிட்ட வராதே'ன்னு சொல்ல அந்த ரூம்ல வேற யாரு இருக்காக்கா?"

அட்டையில் எழுதியதை நர்ஸ் கோடு போட்டு அடித்தாள்.