கரமனை ஆற்று முதலை

ஆதிராவின் அப்பா இந்த முறை ஒரு முதலையை அனுப்பியிருந்தார்.

கரையில் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காயும் முதலை. ‘கரமனை ஆற்றில் குளிப்பவர்கள் ஜாக்கிரதை, எல்லாருக்கும் உடனே அனுப்பவும்’ என்று கீழே சிவப்பு எழுத்து. ஒன்பதாம் வகுப்பின் ஸ்மார்ட் போர்டில் அதைப் பார்த்த சுப்புலக்ஷ்மி டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்பாமல் சரிபார்ப்பது எப்படி என்று இந்த வருஷம் அவள்தான் பாடம் எடுக்கிறாள். வீட்டுக்கு வந்த பொய்ச் செய்தி ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து, அது எப்படிப் பொய் என்று வகுப்பில் காட்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் தேடி அலைந்தார்கள். ஆதிராவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஆரியசாலையில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கும் அவள் அப்பா தாணுமாலையன் தினமும் ஒன்று அனுப்பிவிடுவார்.

போனை ஃப்ரிட்ஜில் வைத்தால் தானாகச் சார்ஜ் ஏறும் என்று ஒரு நாள். மண்டை பிளக்கும் வெயிலில், மழைக்காகக் கலெக்டர் லீவு விட்டிருக்கிறார் என்று இன்னொரு நாள். மனுஷருக்கு அலுக்கவே அலுக்காது போல.

ஆதிராவும் சளைக்கவில்லை. முதலைப் படம் ஏதோ வெளிநாட்டில் பல வருஷம் முன்பு எடுத்தது என்று தேடிப் பிடித்து, அப்பாவுக்கு நாலு மெசேஜும் நீளமாக ஒரு வாய்ஸும் அனுப்பியிருந்தாள்.

“நாளைக்கு அங்கிள் நியூஸ்ல என்ன, திமிங்கிலமா?” என்று பின் பெஞ்சிலிருந்து பினு கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆதிராவின் முகம் சுருங்கிப்போனது.

டீச்சரின் பொறுமை அதோடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்தி என்ன பிரயோஜனம், வீட்டில் பெரியவர்கள் இப்படி இருந்தால்? மத்தியானம் வந்து பார்க்கும்படி தாணுமாலையனுக்குப் போன் செய்தாள்.

அப்படியே பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கேசவ் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று பார்த்தாள். ‘சாப்பிட்டியாடா?’ என்று காலையில் கேட்டிருந்ததற்கு ஒரு கட்டைவிரல் வந்திருந்தது. நேற்றும் அதே கட்டைவிரல்தான். எரிச்சல் இன்னும் கொஞ்சம் ஏறியது.

தாணுமாலையன் கடையிலிருந்து நேராக வந்தார். சட்டையெல்லாம் மிளகாய் வற்றல் நெடி. டீச்சர் தும்மிக்கொண்டே சண்டையை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. படித்தவர்தானே, ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டாரா, அந்தப் பொண்ணு வகுப்பில் தலைநிமிர வேண்டாமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“சொல்லியும் கேக்காதவாளுக்குப் பதிலே போடக் கூடாது, நம்பரை ப்ளாக் பண்ணிடணும். இதுதான் என் கடைசிப் பாடம். ஆதிராகிட்ட இன்னிக்கே சொல்லிடப் போறேன்” என்றாள்.

தாணுமாலையன் சட்டென்று நிமிர்ந்தார்.

“ஐயோ டீச்சரே, அது மட்டும் செய்யாதீங்க. அதெல்லாம் பொய்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சேவா ஊரெல்லாம் அனுப்பறேள்?”

“ஊருக்கு எதுக்கு அனுப்புகேன்? அவளுக்கு மட்டும்தான். நான் வெள்ளனே கடைக்குப் போயிருவேன். திரும்பி வாறப்போ அவ ரூம் கதவு சாத்தியிருக்கும். ‘சாப்பிட்டியா மக்களே’ன்னு கேட்டு மெசேஜ் போட்டா ஒரு கட்டைவிரல் வரும். பரீட்சை எப்பிடின்னு கேட்டா அதுக்கும் அந்தக் கட்டைவிரல்தான்.”

டீச்சர் மேஜைமேல் கிடந்த தன் போனை ஒரு முறை பார்த்தாள்.

“நீங்க இந்தப் பாடம் எடுக்கத் தொடங்கின பெறவு, ஒரு நாள் தெரியாம ஒரு பொய்யை அனுப்பிட்டேன். ஏன் பொய்னு வாய்ஸ்ல என்னை வையுகா டீச்சரே, ரெண்டு நிமிஷம். பிள்ளைக்க குரலைக் கேட்டே எத்தனை நாளாச்சு தெரியுமா? இப்போ நானே நல்லா செக் பண்ணி, பொய்தான்னு உறுதியானாத்தான் அனுப்புகேன். உண்மையா இருந்துட்டா அவ பதில் போட மாட்டால்லா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை மிளகாய் மேல் பழி போட முடியாது.

“பினுவை நான் பார்த்துக்கறேன்” என்றாள் கடைசியில். “நீங்க கொஞ்சம் கஷ்டமானதாப் பார்த்து அனுப்புங்கோ. இப்பல்லாம் அவ சட்டுனு கண்டுபிடிச்சுடறா. அப்புறம் வாய்ஸ் சின்னதாயிடும்.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை. டீச்சர் போனை எடுத்தாள். காலையில் ஆதிரா அனுப்பிவைத்த முதலை அதில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கேசவுக்கு அதை அனுப்பி, ‘நம்மாத்துப் பின்னாடி ஆத்துல வந்திருக்காம், பயமா இருக்குடா’ என்று கீழே எழுதினாள்.

கட்டைவிரல் வரவில்லை. போன் அடித்தது.

“அம்மா, பசங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கற நீயா இதை நம்பறே? அது நம்மூர் ஆறே இல்லைம்மா.”

“அப்படியாடா?” என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள் சுப்புலக்ஷ்மி டீச்சர். “எனக்கு எங்கே இதெல்லாம் தெரியறது? எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நீ கொஞ்சம் மெதுவாச் சொல்லிக் கொடேன்.”