ஈரச் சாக்கு

"ஏலே கிதிரு, நில்லுலே அங்கனயே!"

கைலாசம் பாலத்தின் மேலிருந்து போட்ட சத்தத்தில், ஆற்றிலிருந்து கரையேறிக்கொண்டிருந்த கிதிர் முகம்மது அப்படியே நின்றான். முழங்கால்வரை ஈரம். தோளில் ஒரு சாக்கு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னலே சாக்குல?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லாத சாக்குல எப்படிலே தண்ணி வடியும்?"

கிதிர் முகம்மது சாக்கின் வாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மீன்தான். வேறென்ன?

கொரோனாவுக்காகக் குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டு எட்டு மாதம் ஆகிறது. பேரருவியிலிருந்து இறங்கும் இந்த ஆற்றில் முன்பெல்லாம் சோப்பு நுரைதான் மிதக்கும். இப்போது அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. போன மாதம் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பி வந்ததை முதலில் பார்த்தவர் கைலாசம். பார்த்துவிட்டு அழுதார். சந்தோஷத்தில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி.

பின்னே? இந்த ஆறு கெடக்கூடாதென்று முப்பது வருடம். மறியல், உண்ணாவிரதம், இரண்டு முறை சிறை. கூட நின்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பதவி வாங்கிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் மிச்சம். சீசனுக்குச் சீசன், வருகிற கூட்டத்தின் கையில் துண்டறிக்கையைத் திணித்தார். சாரலில் நனைந்து கூழாகிறதென்று லேமினேஷன்கூடப் போட்டுக் கொடுத்தார். அவர் சொல்லிக் கேட்காத ஊர், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி சொன்னதும் கேட்டது.

நாளை அருவி திறக்கிறார்கள். அருவிக்கரையில் சோப்பும் ஷாம்பூவும் விற்ற கிதிர் முகம்மதின் கடையை மறுபடி திறக்க விடக்கூடாது என்று எழுதிய மனு அவர் சட்டைப்பையில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இனி மீன் திருட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சத்தம் கேட்டு, அந்தப் பக்கமாக வந்த பேரூராட்சித் தூய்மைப் பணி மேற்பார்வையாளர் பொன்செல்வி ஸ்கூட்டரை நிறுத்தினாள். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"என்ன அண்ணாச்சி, காலையிலேயே போராட்டமா? கொடியக் காணும்?"

"வாம்மா. நீயே சாட்சி. எட்டு மாசம் தப்பிச்ச மீனை இவன் ஒரே நாள்ல அள்ளிட்டுப் போறான். இவன் கடையத் திறக்க விடக்கூடாதுன்னு மனு எழுதியிருக்கேன், இதையும் சேத்துக் கொடுக்கேன்."

"அப்படியா பாய்?"

"மீனு இல்லம்மா."

"அப்ப அவுத்துக் காட்டிட்டுப் போவும். முடிஞ்சுதுல்லா?"

"வேண்டாம்."

"அண்ணாச்சி மனு ஆபீசுக்கு வந்துட்டா நாளைக்கு நீரு கடை திறக்க முடியாது, பாத்துக்கிடும். புள்ளைகள நெனச்சுப் பாரும்."

கிதிர் முகம்மதின் முகம் சுருங்கியது. எட்டு மாதமாகப் பெயிண்ட் அடிக்கப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன். சாக்கைப் பார்த்தான். கைலாசத்தைப் பார்த்தான்.

"கடை போனாப் போகுது. சாக்க அவுக்க மாட்டேன்."

"பாத்தியா முழிய! திருட்டு முழி!"

கைலாசம் பாலத்தைச் சுற்றிக் கீழே இறங்கினார். அறுபத்தெட்டு வயது. போலீஸ் வேனில் ஏறி இறங்கியே பழகிய கால்கள்.

"அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க. நீங்க மட்டும் அவுக்க வேண்டாம்" என்று கிதிர் முகம்மது பின்வாங்கினான்.

"நான்தாம்லே அவுக்கணும்!"

இழுத்த இழுப்பில் கட்டியிருந்த கயிறு அறுந்தது. சாக்கு கவிழ்ந்தது.

மீன் இல்லை. ஒன்றுகூட இல்லை.

ஷாம்பு உறைகள். சோப்புத் தாள்கள். அறுந்த செருப்பு. சகதி.

கைலாசத்துக்கு மூச்சு சீராக வந்தது. மீன்கள் பத்திரமாக இருக்கின்றன. அவர் கேட்டது அவ்வளவுதான்.

"இந்தக் குப்பையையாலே ஒளிச்சே?"

"நான் வித்த உறைதான அண்ணாச்சி? நான்தான பொறுக்கணும்? பாறை இடுக்கெல்லாம் அடைச்சுக் கெடந்துச்சு. வேலைக்குப் போறதுக்கு முன்ன தெனம் ஒரு சாக்கு எடுப்பேன். இனி நம்ம கடையில துண்டும் நேந்திரங்காய் சிப்ஸும்தான். சோப்பு கெடையாது."

"அதான பாத்தேன்!" என்றாள் பொன்செல்வி. "தண்ணி தன்னால தெளியும். பிளாஸ்டிக்கு தன்னால எந்திரிச்சா போகும்? இம்புட்டு நல்ல காரியத்த எதுக்குப் பாய் மறைக்கீரு?"

கிதிர் முகம்மது அவசரமாகக் குனிந்து எல்லாவற்றையும் திரும்ப அள்ளப் பார்த்தான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். சாக்கின் அடியில் பாதிக்கு மேல் ஒரே மாதிரியான அட்டைகள்.

ஒன்றை எடுத்துப் பாசியைத் துடைத்தாள். லேமினேஷன் புதுசுபோல் பளபளத்தது. ஓர் எழுத்துகூட அழியவில்லை.

'ஆற்றைக் கெடுக்காதே! இவண், சீ. கைலாசம்.'

 தண்ணீரில் ஒரு கெண்டை துள்ளி விழுந்தது.

கைலாசம் சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்தார். நாலாகக் கிழித்தார். எறியக் கையை ஓங்கியவர், ஆற்றைப் பார்த்துவிட்டு, துண்டுகளை அந்தச் சாக்குக்குள்ளேயே போட்டார்.

சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு கிதிர் முகம்மது மெதுவாகச் சொன்னான்:

"இதுக்குத்தான் அண்ணாச்சி, நீங்க அவுக்க வேண்டாம்னேன்."