மரங்கொத்தி எழுதிய பெயர்கள்

ஆற்றங்கரைக் காட்டில் விலங்குகள் ஒரு வானொலி மன்றம் நடத்தின. சேவல்தான் தலைவர். மன்றத்தின் இணையதளத்தை மரங்கொத்தி பார்த்துக்கொண்டது. தளத்தைத் திறந்தால் மைக்கோடு நிற்கும் சேவலின் படங்கள்தான்.

ஆற்றுத் திருவிழா நெருங்கியது. கூட்டத்தில் தொலையும் குட்டிகளை வயர்லெஸ்ஸில் தேடிக் கொடுப்பது மன்றத்தின் வேலை. இந்த வருடம் உதவிக்குப் பெயர் கொடுத்தது கழுதையும் ஓணானும் மட்டுமே.

மரங்கொத்தி தளத்திலிருந்து சேவலின் படங்களை நீக்கிவிட்டு, "போன வருடம் பேட்டரி சுமந்தது கழுதை. பனை உச்சியில் ஆன்டெனா கட்டியது ஓணான்" என்று எழுதியது.

"என் படம் எங்கே?" என்று சேவல் கத்தியது.

"திருவிழா முடியட்டும் தலைவரே."

கழுதை தளத்தில் வந்த தன் பெயரைப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டியது. தங்கள் பெயரும் வரட்டும் என்று திருவிழாவன்று உதவிக்கு நாற்பது பேர் வந்து நின்றார்கள். நெரிசலில் ஒரு மான்குட்டி தொலைந்தது. செய்தி இரு கரையிலும் பறந்தது. கால் மணி நேரத்தில் குட்டி தாயிடம் சேர, காடே ஆர்ப்பரித்தது.

சாயங்காலம் நனைந்த இறக்கைகளோடு சேவல் வந்தது.

"இன்னிக்கு எல்லாருக்கும் நான்தான்பா தண்ணி சுமந்தேன். எழுதிட்டியா?"

"எத்தனை குடம் தலைவரே?"

"ஏழு!" என்று சேவல் கூவியதில் அக்கரையே திரும்பிப் பார்த்தது.