காட்டிக்கொடுக்காத பிரவுசர்

“நான் என்ன பார்த்தேன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா வீட்ல!”

பல் டாக்டர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். காபியோடு கதவுக்குப் பின்னால் நின்ற மனைவிக்கு அது நன்றாகவே கேட்டது. அவள் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். கடைசி பெஞ்ச் கிசுகிசுப்பே அவள் காதுக்குத் தப்பாது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் மவுஸை உருட்டினார்.

“இந்த பிரவுசர்ல இல்லாத வசதியே இல்ல சார். ஆனா ஓட்டை வாய். நீங்க இன்னிக்கு ஒரு செருப்பு பார்த்தா, ஒரு மாசத்துக்குச் செருப்பு விளம்பரமா காட்டும்.”

“ஐயோ, இப்ப என் பிரச்சினையே அதுதான்! வேற?”

“இது பறக்கும். வசதி கம்மி. இதுக்கும் வாய் கொஞ்சம் நீளம்.”

“வேண்டாம்.”

“அப்ப இதுதான். மூடினதும் எல்லாத்தையும் மறந்துடும், உங்க பாஸ்வேர்டைக்கூட. வேகம் மட்டும் ஆமை.”

“ஆமையா இருந்தா என்ன, ஊமையா இருக்குல்ல? போடுங்க!”

வெளியே காபி ஆறியது. அவளுக்கு வயிறு எரிந்தது. நேரே போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

“அறுபத்திரண்டு வயசுல உன் அத்தானுக்கு என்கிட்ட மறைக்க என்னடி இருக்கு?”

“இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருக்கறவங்களைத்தான்க்கா நம்பவே கூடாது!”

அவளுக்கு அழுகையாக வந்தது. ரிட்டயர் ஆன பிறகு வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். எதிர் வீட்டில் ஜன்னலையே மாற்றிவிட்டார்கள். மகன் போனில் அவள் வாசிப்பைக் கேட்டுவிட்டு, “மிக்ஸி ரிப்பேராம்மா?” என்றான். தினமும் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டும் ஒரே ரசிகர் அவர்தான்.

அதுவும் நடிப்பென்றால், இனி வயலினையே தொடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

டாக்டர் கிளினிக்குக் கிளம்பியதும் கம்ப்யூட்டரைத் திறந்தாள். புது பிரவுசர் ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தையாக விழித்தது. ஆனால் புதுப் பல்லைக் கட்டிய டாக்டர் பழைய வேரைப் பிடுங்க மறந்திருந்தார். பழைய பிரவுசர் திரையின் மூலையிலேயே இருந்தது.

அதைத் தட்டியதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டது.

‘தோல் நிறக் காதடைப்பான்! எதிரே இருப்பவருக்கே தெரியாது!’

‘போன தடவை வாங்கியது தேய்ந்துவிட்டதா? மறுபடி வாங்குங்கள்!’

தேடும் கட்டத்தைத் தொட்டாள். அவர் முன்பு தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. முதல் வரி: ‘பாட்டு காதில் விழாமலே சரியான இடத்தில் தலையாட்டுவது எப்படி?’

முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அது முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இவள் மனசு நோகக் கூடாது என்று ஒரு மனுஷன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்!

சாயங்காலம் டாக்டர் முகம் கழுவிவிட்டு, வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ம், ஆரம்பிம்மா!”

கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வயலினை எடுத்தாள். வில்லைக் கம்பியில் படாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து, பத்து நிமிஷம் வெறும் காற்றிலேயே இழுத்தாள். அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. டாக்டர் தொடையில் தாளம் போட்டார். ஓரிடத்தில் உருகி, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அவள் வில்லை இறக்கினாள். ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்ததும் டாக்டர் கைதட்டினார்.

“சத்தியமா சொல்றேன், இன்னிக்கு வாசிச்ச மாதிரி நீ என்னிக்குமே வாசிச்சதில்ல!”