மகனை இழுத்துப்போக வந்தவர்

“எங்க பரம்பரையிலேயே எவனுக்கும் மனசுல கோளாறு கிடையாது! என் மகனை வெளியே அனுப்புங்க!”

அச்சகத்து மாடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரி கலையாத சட்டையும் நீட்டிய கைத்தடியுமாக வாசலில் நின்றார் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர்.

“கத்தாம உள்ள வாங்க சார். கீழ ஓடுற மிஷின் சத்தமே எங்களுக்குப் போதும்” என்றார் பஸ் டிரைவர். அன்றைக்குக் கூட்டத்தை நடத்துவது அவர் முறை.

“உங்க மகன் யாருங்க?” என்று ஆரம்பித்தார் சலூன்காரர்.

“பேரெல்லாம் இங்க கேட்கிறதில்லை” என்று டிரைவர் அவரை அடக்கினார்.

மேனேஜருக்கு அது வசதியாகப் போயிற்று. மகளுக்கு வரன் கூடி வருகிற நேரம். பெண்ணின் அண்ணன் வாராவாரம் மனம் சரியில்லாதவர்கள் கூட்டத்துக்குப் போகிறான் என்று சம்பந்தி வீட்டுக் காதில் விழுந்தால் கல்யாணம் அப்படியே காற்றில் போய்விடும். “வழக்கம் போல வியாழக்கிழமை சாயங்காலம் அச்சகத்து மாடிக்கு, மனசு சரியில்லாதவங்க கூட்டத்துக்கு வந்துடறேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்” என்று மகன் போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வட்டத்தில் மகன் இல்லை. “வரட்டும். காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறேன்” என்றார்.

“தாராளமா இழுங்க. அதுவரைக்கும் உட்காருங்க. இங்க ஒரே ஒரு சட்டம்தான். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னா எல்லாரோட டீ கிளாஸையும் கழுவணும்.”

“உங்ககிட்ட நான் எதுக்குய்யா வாயைத் திறக்கப் போறேன்?” மேனேஜர் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தார்.

சலூன்காரர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “கத்தியைக் கையில எடுத்தாலே பயமா இருக்கு, நடுங்குது. ‘அண்ணே, உங்களுக்குப் பயம், எனக்குக் கழுத்து’ன்னு சொல்லிட்டு ஒருத்தர் பாதி ஷேவிங்லயே எழுந்து ஓடிட்டார்.”

எல்லாரும் சிரித்தார்கள். சலூன்காரர்தான் அதிகமாகச் சிரித்தார்.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. “இதுக்கெல்லாம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து பச்சைத் தண்ணியில குளிச்சா…”

“கிளாஸ்!” என்று அறையே ஒரு குரலாகக் கத்தியது.

அடுத்து நர்ஸ். “வார்டுல எல்லாரையும் தூங்க வெச்சுடுவேன். வீட்டுக்கு வந்தா எனக்குத் தூக்கம் கிடையாது, அழுகைதான். யாருக்கும் கேட்கக் கூடாதுன்னு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். தண்ணி பில்லைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர் பிளம்பரைக் கூட்டிட்டு வந்துட்டார்.”

“பிளம்பர் என்ன சொன்னான்?” என்றது ஒரு குரல்.

“குழாய் நல்லா இருக்கு, உங்களுக்குத்தான் ஒழுகுதுன்னான்.”

“இங்க பாரும்மா, மனசைத் திடமா வெச்சுக்கிட்டா…”

“கிளாஸ்!”

“அதான் ஏற்கனவே சொல்லிட்டீங்களே?”

“இப்ப கெட்டிலும் சேர்ந்துடுச்சு சார்.”

அபராதத்தைக் கட்டாமல் நழுவுவது அந்த வம்சத்தில் இல்லை. இடைவேளையில் மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூலையில் இருந்த தொட்டிக்குப் போனார். டிரைவர் துண்டோடு பக்கத்தில் வந்து நின்று, அவர் கழுவிக் கொடுத்ததைத் துடைத்தார்.

“இவங்களுக்கு டாக்டர் கிடையாதா?”

“வேணுங்கறவங்க போறாங்க சார். நர்சம்மா மாத்திரை சாப்பிடறாங்க. நானும் டாக்டர்கிட்ட போனவன்தான். ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். செத்துட்டேன்னே நினைப்பேன். டாக்டர் பார்த்துட்டு, இதயம் குதிரை மாதிரி இருக்குன்னார். அதான் சார் என் பிரச்சினையே, குதிரை நிக்க மாட்டேங்குது.”

மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் கை நின்றுவிட்டது.

“காது அடைச்சுக்குமா?”

“அடைச்சுக்கும்.”

“உள்ளங்கை வேர்த்து, நாக்கு மேல ஒட்டிக்கிட்டு…”

“ஆமா சார்.”

மேனேஜர் குழாயைப் பார்த்தபடியே பேசினார். “ரிடையர் ஆனதிலேர்ந்து இப்படித்தான். வாக்கிங்னு சொல்லிட்டுப் பூங்காவுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். அடங்கினப்புறம்தான் வீடு. பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. உலகத்துலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான்னு இருந்தேன்.”

“எனக்கும் அதே நினைப்புதான் சார். ‘அட, உனக்குமா?’ன்னு இங்க ஒருத்தர் கேட்டார். அன்னைக்குத்தான் வீட்டுக்குப் போய் அசந்து தூங்கினேன்.”

டிரைவர் ஏதாவது புத்தி சொல்வார் என்று மேனேஜர் காத்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிளாஸுக்குக் கையை நீட்டினார். நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த மாதிரி இருந்தது மேனேஜருக்கு.

“தம்பி” என்றார் மெல்ல. “அப்ப என் மகனுக்கும் இதே அவஸ்தைதானா? அவனும் என்னை மாதிரியே மறைச்சு வெச்சிருந்திருக்கான். நான் தடியைத் தூக்கிட்டு வந்துட்டேன். வந்தா ஒரு வார்த்தை திட்ட மாட்டேன், பக்கத்துல உட்கார்த்தி வெச்சுக்கறேன். இன்னும் ஏன் வரலை?”

டிரைவர் கிளாஸைத் துடைத்து வைத்தார்.

“அவர் வர மாட்டார் சார். இதுவரைக்கும் வந்ததும் இல்லை. ‘அப்பா பூங்காவுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்; அவருக்காகன்னு சொன்னா செத்தாலும் வர மாட்டார், நான் அங்க வர்றதா அவர் காதுல விழற மாதிரி போன்ல பேசினா, குடும்ப மானம் போகுதுன்னு தடியோட ஓடி வருவார், கொஞ்ச நேரம் உட்கார வெச்சுக்க முடியுமா’ன்னு எனக்குப் போன் பண்ணிக் கேட்டதோட சரி.”